அம்மாவுக்குக் கார்டிகன்: அல்பாக்காவா, மெரினோவா?

பனிப்பூ (டொராண்டோ):
நவம்பரில் அம்மா மதுரையிலிருந்து வருகிறார். அவருக்கு இடுப்புக்குக் கீழே வரும் கார்டிகன் ஒன்று, முன்பக்கம் முறுக்குக் கேபிள் (கயிறு முறுக்கினாற்போல் புடைத்து நிற்கும் பின்னல்) வைத்துப் பின்னலாம் என்றிருக்கிறேன். கம்பளி என்றாலே கழுத்தெல்லாம் அரிக்கிறது என்பார். கடையில் அல்பாக்கா (தென் அமெரிக்காவின் ஒட்டகக் குடும்ப விலங்கு) நூலைத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவு வழவழப்பு. ஆட்டுக் கம்பளியில் இருக்கும் லேனோலின் எண்ணெய் இதில் கிடையாது, அதனால் அரிக்கவே அரிக்காது என்றார்கள். முழுக்க அல்பாக்காவிலேயே பின்னலாமா?

ஊசிக்காரி:
தொட்டுப் பார்த்தது சரி, இழுத்துப் பார்த்தீர்களா? அடுத்த முறை ஒரு சாண் நூலை இரண்டு கையிலும் பிடித்து மெல்ல இழுத்து விடுங்கள். மெரினோ, அதாவது மெரினோ இனச் செம்மறியின் கம்பளி, சட்டென்று பழைய நீளத்துக்கு வந்துவிடும். அல்பாக்கா யோசிக்கும்.

செம்மறி மயிரில் பிறவியிலேயே நெளிவு உண்டு, அந்த நெளிவுதான் உடையைத் திரும்ப இழுத்துப் பிடிக்கிறது. அல்பாக்காவில் அது குறைவு. வாகாயா இனத்தில் கொஞ்சமாவது இருக்கும். சூரி இனத்தின் மயிர் நேராகச் சடைசடையாகத் தொங்கும். நீங்கள் கடையில் பார்த்தது அநேகமாக வாகாயாவாக இருக்கும், பெருவிலேயே பெரும்பாலானவை அதுதான்.

இப்போது உங்கள் கார்டிகனுக்கு வருவோம். நீளம் அதிகம், போதாததற்குக் கேபிள் வேறு நூலைத் தின்னும். அந்தக் கனமே உடையைக் கீழே இழுக்கும். நவம்பரில் இடுப்புக்குக் கீழே இருப்பது பொங்கலுக்குள் முழங்காலைப் பார்க்கும்! மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும் ரிப் பின்னல் தொளதொளத்துவிடும், கேபிளின் முறுக்கும் மெல்லிய பஞ்சு படர்ந்து மங்கிவிடும்.

லேனோலின் கதையை அப்படியே நம்பாதீர்கள். ஆலையில் கழுவும்போதே அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களும் குறைவுதான். குத்துவது தடிமன். ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் நுனி வளையாமல் தோலைக் குத்தும். அது எந்த விலங்கின் மயிராக இருந்தாலும் சரி. நல்ல மெரினோ 20 மைக்ரானை ஒட்டி இருக்கும், பேபி அல்பாக்கா 22ஐ ஒட்டி. (பேபி என்பது தரம், குட்டியிடம் வெட்டியதாக இருக்க வேண்டியதில்லை.) தரம் போடாத மலிவு அல்பாக்காவும் அம்மாவைக் குத்தத்தான் செய்யும்.

பனிப்பூ:
ஐயோ, கேபிளை விட மனசில்லை. ஆனால் அல்பாக்காதான் சூடு அதிகம் என்கிறார்களே அக்கா?

ஊசிக்காரி:
சூடுதான். இழைக்குள்ளேயே காற்று தங்கும் வெற்றிடம் இருக்கிறது, அதனால் கனத்துக்கு மீறிய கதகதப்பு. ஆனால் அம்மா பாதி நேரம் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் இருப்பார், அடுப்படியில் நின்றால் கழற்றிப் போட்டுவிடுவார். கார்டிகனுக்கு மெரினோ பாதி அல்பாக்கா பாதி கலந்த நூல், இல்லை மெரினோ எண்பது சதவீதம். ஆசைக்கு ஒரு சால்வையை முழு அல்பாக்காவில் பின்னுங்கள். தோளில் அது விழுகிற அழகு ஆட்டுக் கம்பளிக்கு வராது.

குளிர்காலக்குருவி:
அக்கா சொன்னதோடு ஒன்று. ஒரு ஜாண் சதுரத்துக்கு மாதிரித் துண்டு பின்னி, நனைத்துப் பிழிந்து காயவைத்து, அடியில் நாலைந்து துணிக் கிளிப்பை மாட்டி ஓரிரு நாள் தொங்கவிடுங்கள். எவ்வளவு நீளுகிறதோ, அதைக் கணக்கில் வைத்து நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அப்புறம், சூப்பர்வாஷ் என்று போட்ட மெரினோ வாங்கினால் அதற்கும் இந்தச் சோதனை அவசியம். இழையின் செதிலை மழுக்கிப் பிசின் பூசியிருப்பதால் மெஷினில் போடலாம், ஆனால் நனைந்தால் நன்றாகவே நீளும்.

பனிப்பூ:
மெஷின் என்றதும் ஞாபகம் வருகிறது, அம்மா எதையும் வெந்நீரில் ஊறவைத்துத்தான் துவைப்பார்.

ஊசிக்காரி:
அப்படியென்றால் கார்டிகனுக்குக் கலப்பு நூல் வேண்டாம், முழு சூப்பர்வாஷ் மெரினோவே வாங்குங்கள். சாதாரணக் கம்பளி, அல்பாக்கா இரண்டுமே வெந்நீரில் கசக்கினால் இறுகிப் போய்விடும், பேரப்பிள்ளைக்குத்தான் சேரும்.