சக்குக்குப் பக்கத்து ஒரு சாண்: வீட்டுக்கு லேத் வாங்கிய அனுபவம்

வீட்டில் போட்டுக்கொள்ள ஒரு லேத் (கடைசல் மிஷின்) வாங்கலாமா, வாங்கினால் எது என்று இந்த மாதம் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நான் பட்ட பாட்டையும் கற்றதையும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

கோவையில் என் வீட்டு கார் ஷெட்டில் பழைய புல்லட், ஜாவா வண்டிகளைப் பிரித்துச் சரி செய்வது என் வழக்கம். ஒரு புஷ் (தண்டைத் தாங்கும் குழல்) வேண்டும், ஒரு ஸ்பேசர் வேண்டும் என்றால் கணபதி பகுதியில் ஏதாவது கடைசல் பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே பம்ப் ஷாஃப்ட் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்திவிட்டு என் ஒற்றைப் புஷ்ஷைக் கடைந்து கொடு என்று கேட்பது நியாயமில்லை. ஆனால் காத்திருந்து காத்திருந்து ஒரு ஜாவா எட்டு மாதம் பிரித்தபடியே கிடந்தது. அப்போதுதான் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

முதலில் பார்த்தது பீளமேட்டில் ஒரு நண்பர் வாங்கியிருந்த மினி லேத். மேசை மேல் வைத்து ஓட்டுவது, நாற்பது கிலோ சொச்சம் எடை. அலுமினிய ஸ்பேசர் ஒன்றை அழகாகக் கடைந்து காட்டினார். எனக்கும் ஆசை வந்தது. சரி, என் ஜாப்பை வைத்துப் பார்ப்போம் என்று ஈஎன்8 எஃகு ராடு ஒன்றைச் சக்கில் (பொருளைக் கவ்விப் பிடித்துச் சுற்றும் பாகம்) பிடித்து அரை மில்லி வெட்டு கொடுத்தோம். சத்தமே மாறிவிட்டது. கடைந்த இடம் முழுக்க அலை அலையாக வரி. வெட்டைக் குறைத்துக் குறைத்து ஓட்டினால் வேலை முடியும், ஆனால் பொழுதும் முடிந்துவிடும். அதைவிடப் பெரிய தடை ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் தண்டு) துளை. அதில் 20 மில்லி மட்டுமே. பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் முன்ஃபோர்க் குழாய் 35 மில்லி. அது ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்குக்குள் நுழையாது. நீளமான பொருளை உள்ளே விட்டு நுனியை மட்டும் வெளியே வைத்துக் கடைய முடியாத லேத்தில் பாதி வேலை நடக்காது. கடிகாரப் பாகம், சின்ன மாடல் இன்ஜின் செய்பவர்களுக்கு அந்த மினி லேத் தாராளமாகப் போதும். எனக்குப் போதாது.

அப்புறம் உக்கடம் பக்கம் பழைய மிஷின் விற்கும் கடைகளில் தேடினேன். ஒரு கடையில் ஆறடி லேத் ஒன்று. புதுப் பச்சை பெயின்ட், பெட் (லேத்தின் நீளமான அடிப்பாகம்) கண்ணாடி மாதிரி மினுமினுத்தது. முன்பணம் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டேன். நல்லவேளையாக என் அப்பாவோடு வேலை பார்த்த ஒரு டர்னர் பெரியவரை அழைத்துப் போயிருந்தேன். அவர் பெயின்ட் பக்கமே திரும்பவில்லை.

"ஏனுங் தம்பி, லேத்தோட வயசு சக்குக்குப் பக்கத்துல ஒரு சாண்லதானுங்க இருக்கு. அதைப் பாருங்க."

பிறகு அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், யாரும் செய்து பார்க்கலாம். டூலைத் தாங்கிப் பெட் மேல் நகரும் சேடிலைச் சக்குக்கு அருகே கொண்டுபோனார். சேடில் பூட்டு போல்ட்டை லேசாக இறுக்கினார், கை வீல் கொஞ்சம் கனமாகச் சுற்றும் அளவுக்கு மட்டும். "இப்ப டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுங்க" என்றார், அதாவது சக்குக்கு எதிர்க்கோடிக்கு. ஓரடி போவதற்குள் சேடில் இறுகி நின்றுவிட்டது.

காரணம் எளிது. பெரும்பாலான ஜாப் சின்னது, சக்கை ஒட்டியே வேலை நடக்கும். வருடக் கணக்கில் சேடில் அந்த ஒரு சாணிலேயே போய்ப் போய் வந்ததில் பெட் அங்கே மட்டும் தேய்ந்திருக்கும். டெயில்ஸ்டாக் பக்கம் தேயாமல் உயரமாகவே நிற்கும். தேய்ந்த இடத்துக்குப் பொருந்த இறுக்கிய சேடில் தேயாத இடத்தில் ஏறாது. எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் பெட் மினுங்கும், பள்ளம் நிரம்பாது.

அடுத்து நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜின் முனையைச் சக் பிடிக்கும் ஸ்பிண்டில் மூக்கின் மேல் வைத்தார். சக்கின் அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து மெதுவாக நெம்பினார். முள் 80 மைக்ரான் (0.08 மில்லி) தாண்டி ஆடியது. உள்ளே கன்மெட்டல் பேரிங் தேய்ந்து போயிருக்கிறது. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, டீ குடிக்கலாம்" என்று வெளியே நடந்துவிட்டார். எனக்கு நெஞ்சு படபடத்தது, அவ்வளவு பணம் தப்பித்தது.

கடைசியில் கிடைத்தது ஒரு கல்விக்கூடத்துப் பட்டறையில் ஏலம் விட்ட நாலரை அடி லேத். மாணவர்கள் பழகிய மிஷின் என்பதால் எல்லோரும் தயங்கினார்கள். டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் நாலைந்து வெட்டுக் காயம், சக்கின் தாடையில் டூல் மோதிய தழும்பு. ஆனால் பெரியவரின் அதே சோதனையில் சேடில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கனத்தில் ஓடியது. நெம்பிப் பார்த்தால் 15 மைக்ரான். இது இரண்டு மூன்று ஷிஃப்ட் ஓடிய மிஷின் இல்லை, வகுப்பு நேரத்தில் மட்டும் ஓடியது. காயத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் தேய்மானத்தைப் பார்க்கவில்லை. சக்கை மாற்றிக்கொள்ளலாம், பெட்டை மாற்ற முடியாது. ஸ்பிண்டில் துளை 38 மில்லி, ஃபோர்க் குழாய் உள்ளே போய்விட்டது. சக்கரத்தோடு பிரேக் டிரம்மைக் கடைய 19 அங்குல ரிம் சுற்றுவதற்கு இடம் வேண்டும். அதற்காகப் பெரிய லேத்தை வீட்டில் இறக்குவது தேவையில்லை என்று முடிவு செய்தேன், அந்த வேலையை இன்றும் வெளியில்தான் கொடுக்கிறேன்.

மோட்டார் 1 எச்பி, த்ரீ ஃபேஸ். எங்கள் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் மட்டுமே. மோட்டாரை மாற்றாமல், 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் வாங்கி த்ரீ ஃபேஸ் கொடுக்கும் விஎஃப்டி டிரைவ் ஒன்று போட்டேன். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்த டிரைவ் வெளியே தருவதும் 230 வோல்ட்தான். அதிக வோல்ட்டுக்காக ஸ்டார் இணைப்பில் கட்டிய மோட்டாரை, 230 வோல்ட்டுக்கு ஏற்ற டெல்டா இணைப்புக்கு மாற்ற வேண்டும். டெர்மினல் பெட்டியில் ஆறு வயர் வந்திருந்தால் பத்து நிமிட வேலை. மூன்றுதான் வந்திருந்தால் வைண்டிங் கடைக்குப் போக வேண்டும். வாங்கும் முன் மூடியைத் திறந்து எண்ணிவிடுங்கள்.

இறக்கி வைத்த அன்று 150 மில்லி நீளத்துக்கு எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ராடைச் சக்கில் மட்டும் பிடித்து, நடுவைக் குறைத்து, இரண்டு கோடியிலும் ஒவ்வொரு காலர் (தடித்த வளையம்) விட்டு, ஒரே வெட்டில் இரண்டையும் கடைந்தேன். இரண்டும் ஒரே அளவு வர வேண்டும், மைக்ரோமீட்டரில் 60 மைக்ரான் வித்தியாசம். மனசு உடைந்துவிட்டது. பெரியவருக்கு போன் செய்தால், "தரை எப்படிங்க?" என்று மட்டும் கேட்டார். கார் ஷெட் தரை, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துப் போட்டது. பெட்டின் கால்கள் முறுக்கிக்கொண்டு நின்றிருக்கின்றன. மீட்டருக்கு 0.02 மில்லி காட்டும் லெவலை இரவல் வாங்கி, டெயில்ஸ்டாக் பக்கத்துக் காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, கடைந்து, அளந்து, மறுபடி ஷிம் மாற்றி, ஒரு வாரம் போனது. 10 மைக்ரானுக்கு வந்தது. புதிய லேத் வாங்கினாலும் இந்த ஒரு வாரத்தை ஒதுக்கியே ஆக வேண்டும்.

பெரியவர் நேரில் வந்து பார்த்தபோது முதலில் செய்தது என் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாசலில் வீசியதுதான். பிறகு சக்கை இறுக்கும் சாவியின் நுனியில் ஒரு ஸ்பிரிங் மாட்ட வைத்தார். கையை எடுத்ததும் சாவி தானாக வெளியே தள்ளிக்கொண்டு விழுந்துவிடும், சக்கில் மறந்துவிட வழியே இல்லை. வீட்டில் குழந்தைகள் வந்து போகிற இடம், இதைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள்.

மரை வெட்டுவது தனிக் கதை. ஜாவாவில் மில்லி மரை. பழைய புல்லட்டில் பல இடங்களில் அங்குலத்துக்கு 26 மரை, சைக்கிள் மரை என்பார்கள், கோணம் 60 டிகிரி. அதை விட்வொர்த் என்ற வேறு வகை மரை என்று நினைத்து 55 டிகிரி டூலால் வெட்டிவிடக் கூடாது. மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ என் லேத்தில் அங்குலத்துக்கு 4 மரை. மில்லி மரை சரியாக வர 127 பல் கியர் வேண்டும், ஏனென்றால் அங்குலம் 25.4 மில்லி, அதன் ஐந்து மடங்கு 127. அது மிஷினோடு கிடைத்தது. ஆனால் அந்த கியர் போட்டு மில்லி மரை வெட்டும்போது சேடிலை லீட் ஸ்க்ரூவோடு பூட்டும் ஹாஃப் நட்டைப் பாதியில் திறக்கக் கூடாது, மோட்டாரைப் பின்னால் ஓட்டியே சேடிலைத் திருப்ப வேண்டும். 26 மரைக்கு 65 பல் கியர் வேண்டும், அது இல்லை. ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறையில் வெட்டித் தந்தார்கள்.

20-க்கு 65, 30-க்கு 60 என்று கியர் கோத்து, 5/16 அங்குல ஸ்டட் ஒன்றில் எட்டு நடை கொடுத்தேன். ஜாடியில் வைத்திருந்த பழைய புல்லட் நட்டை எடுத்துத் துடைத்து நுனியில் வைத்தேன். விரலாலேயே கடைசி மரை வரைக்கும் ஏறியது.