பகுதிநேரமாகப் பாடம் எடுக்க வேலை கிடைக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

கேள்வி, திண்டுக்கல்லிலிருந்து:
எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்திருக்கிறேன். குழந்தைக்கு இரண்டு வயது. காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை மாமியார் பார்த்துக்கொள்வார். அந்த நேரத்துக்குள் ஏதாவது கிடைக்குமா? பக்கத்துப் பள்ளியில் கேட்டதற்கு, "முழு நாள் வர்றதா இருந்தா பாக்கலாம்" என்று முடித்துவிட்டார்கள்.

மதுரை, கணக்கு டீச்சர்:
தங்கச்சி, ஜூனில் எல்லோரும் பயோடேட்டா கொடுப்பார்கள். அதை அப்புறம் யாரும் தேடி எடுப்பதில்லை. நவம்பர் வாக்கில் மறுபடி போய்த் தலையைக் காட்டுங்கள். யாராவது பிரசவ விடுப்பில் போயிருப்பார்கள், பத்தாம் வகுப்புக்குப் போர்ஷன் பாதியில் நிற்கும். அப்போது அரை நாளுக்கும் ஒத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

டெமோ கிளாஸுக்கு முக்கோணவியல் தயார் செய்துகொண்டு போனேன். தாளாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "காரணிப்படுத்துதல் எடுங்க" என்றார். சரி என்று, அவர் பக்கத்தில் இருந்த பையனையே எழுப்பி, "கூட்டினா அஞ்சு, பெருக்கினா ஆறு வரணும். எந்த ரெண்டு நம்பர்?" என்று கேட்டேன். கொஞ்சம் முழித்துவிட்டு, "ரெண்டு, மூணு மிஸ்" என்றான். தாளாளர் எழுந்து போய்விட்டார். போச்சு என்று நினைத்தேன். ஆபீஸில், "எப்போ சேர்றீங்க?" என்று கேட்டார்கள்.

சம்பளம் மாதக் கணக்கா, பீரியடுக்கு இவ்வளவா என்று முதலிலேயே கேளுங்கள். பீரியடு கணக்கென்றால் மழை லீவு வந்தாலே கையைக் கடிக்கும். ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டால் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டு, நின்றால் ஒரு மாதச் சம்பளம் கட்டு என்றார்கள்.

விழுப்புரம்:
அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக எடுத்தபோது சேர்ந்தவன் நான். 2022-ல் பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலைக்கு 12,000 என்று அறிவித்தார்கள். ஆனால் அது முழு நாள் வேலை, உங்களுக்குச் சரிவராது. 'பகுதிநேர ஆசிரியர்' என்ற பெயரை நம்பியும் ஏமாற வேண்டாம். 2012-ல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த ஓவியம், உடற்கல்வி ஆசிரியர்கள் நிரந்தரம் கேட்டுப் பல வருடம் போராட வேண்டியிருந்தது. பல வருடம் மே மாதச் சம்பளமும் கொடுக்கவில்லை. வீட்டில் இருக்கும் நேரத்தில் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாளை எழுதிவிடுங்கள். அந்தச் சான்றிதழ் முன்பு 7 ஆண்டுதான் செல்லும். 2021-ல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள்.

திருச்சி:
பள்ளியை விடுங்கள். டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சென்டரில் கேட்டீர்களா? குரூப் 4-ல் 200 கேள்வியில் 25 திறனறிவுக் கணக்கு. தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், ஆள் - நாள் கணக்கு, இப்படித்தான் வரும். பகல் பேட்ச் உங்கள் நேரத்துக்குள் வரும். ஒன்று மட்டும் கவனியுங்கள், எம்.எஸ்சி. படித்தவர்கள் படிப்படியாக எழுதிப் போடுவோம். அங்கே வருபவர்களுக்கு அரை நிமிடத்தில் விடை வேண்டும். ஒரு வாரம் பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

திண்டுக்கல்:
இந்த யோசனை எனக்கு வரவேயில்லை அண்ணா. சனி, ஞாயிறு மட்டும் வருகிறேன் என்றால் ஒத்துக்கொள்வார்களா? அன்றைக்கு வீட்டுக்காரர் இருப்பார்.

திருச்சி:
தாராளமாக. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் வார இறுதி பேட்சில்தான் சேர்வார்கள். மணிக்கு இவ்வளவு என்று மட்டும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.