ஆடிட்டர் ஆபீஸ்ல 15 நாள் இன்டர்ன்ஷிப், 8 நாளா பில்லு மட்டும் அடுக்கறேன், இது நார்மலா?

குடியாத்தம் எக்ஸ்பிரஸ்:

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். நான் பி.காம் ரெண்டாவது வருஷம், ஊரு குடியாத்தம். லீவுல 15 நாள் எங்கயாவது இன்டர்ன்ஷிப் போயிட்டு சீல் போட்ட லெட்டரும் ரிப்போர்ட்டும் கொண்டாங்கன்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க. சித்தப்பாக்கு தெரிஞ்ச ஆடிட்டர் ஒருத்தர் வேலூர்ல இருக்கார், வரச்சொல்லுன்னுட்டார். நான் டாலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்) கோர்ஸ் வேற முடிச்சிருக்கேன், போன உடனே ஒரு சிஸ்டம் குடுப்பாங்க என்ட்ரி போடலாம்னு ஆசையா போனேன், முதல் நாளே ஒரு மஞ்சப்பையும் ரெண்டு ஸ்வீட் பாக்ஸும் முன்னாடி கொட்டினாங்க, எல்லாம் பில்லு. தேதி வாரியா அடுக்கு, மேல வலது மூலையில பென்சில்ல நம்பர் போடு, பஞ்ச் பண்ணி டேக் கட்டு, அவ்ளோதான். நேத்தோட 8 நாள் ஆச்சு. நடுவுல ஜெராக்ஸ் கடைக்கு ஒரு நாளைக்கு நாலு வாட்டி ஓடறேன், இந்த கத்திரி வெயில்ல. ஏசி சார் ரூம்ல மட்டும் தான்.

சார் முகம் குடுத்து பேசவே மாட்டேங்கறார். அங்க வேலை பாக்கற ஒரு அக்கா மட்டும் அப்பப்ப சாப்பிட்டியான்னு கேப்பாங்க. ரிப்போர்ட் 30 பக்கம் எழுதணுமாம், பில்லு அடுக்கினேன்னு 30 பக்கம் எப்டி எழுதறது? வேற ஆபீஸ் மாறிடலாமா?

இன்னொண்ணு. எங்க தெருவுல இருக்கறவங்க ஒருத்தரோட கடை பைலும் அங்க இருக்கு, வாய் தவறி வீட்ல சொல்லிட்டேன். அம்மா தினமும் ராத்திரி அவங்களுக்கு என்ன வருமானம் வருதுன்னு கேக்கறாங்க, என்ன சொல்றதுன்னு தெரியல.

மூணு வருஷ ஆர்டிக்கிள்:

தங்கச்சி, முதல்ல அந்த கடைசி விஷயம். வாயே திறக்காதம்மா. எந்த கடை பைல் அங்க இருக்குன்றதையே வெளிய சொல்லக்கூடாது, வருமானம் எல்லாம் அப்புறம். அம்மா கேட்டா நான் பில்லு தான்மா அடுக்கறேன், கூட்டல் எல்லாம் பெரியவங்க போடறாங்கன்னு சொல்லிடு, அது உண்மையும் கூட தானே.

சார் ஏன் பேசலன்னா தேதியை பாரு. மே மாசம். 11ந்தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 1 (வித்த பில்லு கணக்கு), 14ந்தேதி 2பி (நமக்கு வித்தவங்க காட்டின பில்லு லிஸ்ட்) வரும், அதை வெச்சு புக்கோட ஒத்துப்பாத்து 20ந்தேதிக்குள்ள 3பி (வரி கட்டற ரிட்டர்ன்) போடணும், அது முடிஞ்சா 31ந்தேதி டிடிஎஸ் (பணம் குடுக்கும்போதே பிடிச்ச வரி) ரிட்டர்ன். 20 வரைக்கும் எந்த ஆடிட்டர் ஆபீஸ்லயும் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாத்துக்க மாட்டாங்க. நான் ஆர்டிக்கிள்ஷிப் (சிஏ படிக்கறவங்க ஆபீஸ்ல எடுக்கற பயிற்சி) பண்ணப்போ மூணு வருஷம் (இப்போ 2023ல இருந்து ரெண்டே வருஷம் ஆக்கிட்டாங்க, குடுத்து வெச்சவங்க), முதல் ஒரு மாசம் நானும் பில்லு தான் அடுக்கினேன். அடுக்கினது தப்பில்ல, பாக்காம அடுக்கினேன், அது தான் தப்பு.

நீ நாளைக்கு இப்டி பண்ணு. ஒவ்வொரு பர்ச்சேஸ் பில்லுலயும் விக்கறவங்க ஜிஎஸ்டி நம்பர் இருக்கும், 15 எழுத்து. முதல் ரெண்டு மாநிலத்தோட கோடு, அடுத்த பத்து அவங்க பான் நம்பர். 33ன்னு ஆரம்பிச்சா தமிழ்நாடு, பில்லுல வரி சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு) எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்துக்கு)ன்னு பாதி பாதியா இருக்கணும். வேலூர்ல இருந்து சித்தூர் எவ்ளோ தூரம், கடைக்காரங்க அங்க இருந்து சரக்கு எடுக்கறது சகஜம், அது ஆந்திரா, அந்த பில்லு 37ல ஆரம்பிக்கும், அதுல ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் வர்ற சரக்குக்கு) தான் இருக்கணும். அப்புறம் வாங்கினவங்க இடத்துல நம்ம பார்ட்டியோட (நம்மகிட்ட கணக்கு குடுத்த கடைக்காரங்க) ஜிஎஸ்டி நம்பர் இருக்கான்னு பாரு, வெறும் பேர் மட்டும் எழுதியிருந்தா அது 2பில வரவே வராது, வாங்கும்போது குடுத்த வரியை கழிச்சுக்கற கிரெடிட்டும் கிடைக்காது.

ஜெராக்ஸ்க்கு ஏன் ஓட விடறாங்கன்னு யோசிச்சியா? பெட்ரோல் பங்க்லயும் பெரிய கடைங்கள்லயும் குடுக்கற பளபளன்னு இருக்கற பில்லு, அதை வண்டி டிக்கியில போட்டு நம்ம ஊர் வெயில்ல ஒரு வாரம் வெச்சா வெள்ளைத்தாள் தான் மிஞ்சும். ஜிஎஸ்டில கணக்கை 72 மாசம் வெச்சிருக்கணும், அதுவும் வருஷ ரிட்டர்ன் கடைசி தேதியில இருந்து எண்ணி. வெள்ளைத்தாளை காட்டி யார்கிட்ட பேசறது?

வெயிலூர்காரன்:

மேல சொன்னவர் ரொம்ப நல்லவரா இருக்கார், ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். நான் காலேஜ் படிக்கும்போது ஒரு ஆபீஸ்ல 15 நாள் இருந்தேன், எந்த ஊர் எந்த ஆபீஸ்னு வேணாம் விடுங்க, பேங்க் க்யூல நிக்கறதும் சாயங்காலம் டீ பிளாஸ்க் தூக்கறதும் தான் வேலை, ஸ்டைபெண்டும் கிடையாது பஸ் காசும் கிடையாது, கடைசி நாள் லெட்டர்ல சீல் குத்தி நன்னடத்தைன்னு எழுதி குடுத்தாங்க. இதுக்கு பேரு சும்மா ஆள் கிடைச்சா வேலை வாங்கறது. தங்கச்சி, ஆபீஸ் எல்லாம் மாறாத, இன்னும் ஒரு வாரத்துல எங்க போனாலும் திரும்ப முதல்ல இருந்து பில்லு தான். ஆனா 21ந்தேதி காலைல நேரா போய் கேளு, சார் ஒரு பார்ட்டிக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் என்ட்ரி நான் போடறேன்னு. வாய் உள்ள புள்ளை தான் பொழைக்கும்.

மூணு வருஷ ஆர்டிக்கிள்:

டீ பிளாஸ்க் நானும் தூக்கியிருக்கேன் பாஸ், அதை நியாயம்னு சொல்லல. ஆனா சார்கிட்ட போறதுக்கு முன்னாடி அந்த அக்காகிட்ட கேக்கட்டும். எந்த ஆபீஸா இருந்தாலும் சீட் யாருக்குன்னு முடிவு பண்றது அந்த அக்கா தான்.

மண்டித்தெரு:

ஏம்மா, நானு கடை வெச்சினுகீறவன், ஆடிட்டருக்கு மஞ்சப்பை குடுக்கறதே என்ன மாதிரி ஆளுங்க தான், அதனால சொல்றேன். எங்க பையில இன்னா இருக்கும்னு எங்களுக்கே தெரியாதும்மா. போன வருஷம் எங்க ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு பொண்ணு போன் பண்ணி அண்ணா இதுல கல்யாண பத்திரிகை ஒண்ணு, பசங்க ஸ்கூல் பீஸ் ரசீது, வீட்டு மளிகை சீட்டு, எல்லாம் கீது, இத கணக்குல ஏத்தறதான்னு கேட்டுச்சு, நான் சிரிச்சிட்டேன். பத்திரிகை நாளைக்கு கல்யாணத்துக்கு, நான் தேடினு இருந்தேன்! அந்த பொண்ணு பாக்காம டேக் கட்டியிருந்தா மொய்யும் போச்சு சொந்தமும் போச்சு. வீட்டு செலவ கடை செலவுல சேக்கக்கூடாதுன்னு அதுக்கப்புறம் தான் ரெண்டு பை வெச்சேன். பெட்ரோல் பில்லுக்கு ஜிஎஸ்டியே இல்ல, அதுல கிரெடிட் கேக்காதீங்கண்ணான்னு சொல்லிக்குடுத்ததும் அந்த பொண்ணு தான். நீ அடுக்கற வேலை சின்ன வேலை இல்லமா.

ஆனா உங்க தெரு ஆளு கணக்க வீட்ல சொன்னன்னு தெரிஞ்சா, அவரு அடுத்த நாளே பைய தூக்கினு வேற ஆடிட்டர்கிட்ட போய்டுவாரு. நானா இருந்தா போய்டுவேன்.

குடியாத்தம் எக்ஸ்பிரஸ்:

எல்லாருக்கும் நன்றி. ஆர்டிக்கிள் அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன். ஹார்டுவேர் கடை கட்டு ஒண்ணுல எல்லாம் 33 33ன்னு போய்ட்டே இருக்கு, நடுவுல ஒரு பிவிசி பைப் பில்லு 37. சரக்கு 18,500, ஐஜிஎஸ்டி 18 பர்சன்ட் 3,330. அக்கா ஏற்கனவே என்ட்ரி போட்டு டிக் அடிச்ச பில்லு அது, டாலியில பாத்தா 1,665 சிஜிஎஸ்டி 1,665 எஸ்ஜிஎஸ்டின்னு இருக்கு. எனக்கு கை நடுங்கிடுச்சு, என் தப்பா அவங்க தப்பான்னே தெரியல. மதியம் சாப்பிட்டு முடிச்சதும் அக்காகிட்ட மெதுவா அக்கா இது சரியான்னு ஒருவாட்டி பாருங்கன்னு காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் பைப் வித்தவங்களோட லெட்ஜர் ஓபன் பண்ணி, ஐயோ ஸ்டேட் தமிழ்நாடுன்னே விட்டிருக்கேன்டின்னு ஆந்திரா மாத்தினாங்க. மொத்தம் ஒண்ணு தானேக்கான்னு கேட்டேன், மொத்தம் ஒண்ணு தான், ஆனா 2பியோட ஒத்துப்போகாது, கிரெடிட் தப்பான தலைப்புல போய் உக்காந்துடும், 20ந்தேதி ராத்திரி தேடினு இருந்திருப்போம்னு சொன்னாங்க.

இன்னிக்கு எனக்கு ஒரு சிஸ்டம்! அதே ஹார்டுவேர் கடைக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் பாத்து ஏப்ரல் மாசம் பேமென்ட், ரிசீட் போடறேன். டாலியில எப்5, எப்6 கீ தட்டித்தட்டி போய்ட்டே இருக்கு. ஆனா முடிவுல டாலிய விட பேங்க் ஸ்டேட்மென்ட்ல 2,700 ரூபா கூட காட்டுது. ரெண்டு மணி நேரமா தேடறேன், கிடைக்கல. அக்காவ திரும்ப கேக்க வெக்கமா இருக்கு.

ராணிப்பேட்டை அக்கவுண்டண்ட்:

இத்தனை நாள் படிச்சிட்டு மட்டும் போனேன், இப்போ எழுதியே ஆகணும். நான் ஒரு தோல் கம்பெனியில கணக்கு பாக்கறேன். 2,700ஐ ஒன்பதால வகுத்துப்பாரும்மா, மீதி இல்லாம 300 வருது. வித்தியாசம் ஒன்பதால மீதியில்லாம வகுபட்டா முதல் சந்தேகம் ரெண்டு இலக்கம் இடம் மாறிப்போச்சுன்னு தான், இல்லன்னா ஒரு சைபர் விட்டுப்போயிருக்கும், 500ம் 5,000மும் மாதிரி. எப்பவும் அப்டியே தான்னு சொல்ல முடியாது, ஆனா முதல்ல அதை தேடு. சைபர் விட்ட கேஸ்னா 300, 3,000 இருக்கான்னு பாரு. மாறின கேஸ்னா ஆயிரமும் நூறும் தான் மாறியிருக்கும், பக்கத்து பக்கத்து இலக்கம், ரெண்டுக்கும் நடுவுல மூணு வித்தியாசம் இருக்கும். பேங்க்ல கூட இருக்குன்னா நீ பேமென்ட்டை கூட போட்டிருக்கணும் இல்ல ரிசீட்டை குறைச்சு போட்டிருக்கணும்.

அதுலயும் இல்லன்னா, நாம குடுத்த செக் இன்னும் பேங்க்குக்கு போகாம இருக்கும், அது தப்பே இல்ல, புக்குக்கும் பேங்க்குக்கும் வித்தியாசம் ஏன்னு நாம எழுதற ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்ல காட்டிட்டு விட்டுடலாம்.

ரிப்போர்ட்டுக்கும் இது தான்மா. கம்பெனி வரலாறுன்னு நெட்ல இருந்து 20 பக்கம் ஒட்டாத, எல்லா பசங்களும் அதையே ஒட்டறாங்க. அந்த 37 பில்லையும் இந்த 2,700ஐயும் எழுது, கடை பேர் போடாம ஒரு ஹார்டுவேர் கடைன்னு மட்டும் எழுது, ஜிஎஸ்டி நம்பரும் வேணாம், எழுதி முடிச்சிட்டு சார்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டு காலேஜ்ல குடு.

மூணு வருஷ ஆர்டிக்கிள்:

ஆஹா, அந்த ஒன்பது கணக்கு எனக்கு ரெண்டாவது வருஷம் தான் தெரிஞ்சுது. தங்கச்சி, சிஏ ஆசை இருந்தா டிகிரில 55 பர்சன்ட் மேல வெச்சுக்கோ, பி.காம்க்கு பவுண்டேஷன் (சிஏ முதல் பரீட்சை) இல்லாம நேரா இன்டர் (அடுத்த பரீட்சை) போகலாம்.

குடியாத்தம் எக்ஸ்பிரஸ்:

கிடைச்சிடுச்சு!! 5,840 செக்கை 8,540ன்னு போட்டிருக்கேன். ராணிப்பேட்டை அண்ணா சொன்ன அதே மூணு வித்தியாசம். இதுல அக்கா தப்பு எல்லாம் இல்ல, நானே போட்டது, சாப்பிட போற அவசரத்துல.

சார் இன்னிக்கு மூணு வார்த்தை பேசினார், "பேங்க் டேலி ஆச்சாம்மா". ஆச்சு சார்னேன். நாளைக்கு ஒரு மெடிக்கல் ஷாப் தரேன்னார். அது யாரோடதுன்னு வீட்ல சொல்ல மாட்டேன், அம்மா இப்போவே ஸ்டேஷன்ல இருந்து வர்ற வழியில போன்ல கேட்டாங்க, இன்னிக்கு என்னடி பண்ணேன்னு. பில்லு அடுக்கினேன்மான்னுட்டேன்.