மணிக்கட்டு வலிக்கிறது, விரலுக்கு என்ன பயிற்சி?

மாட்டுங்கா மாமி:
வயசு 54. மூன்று மாதமாக 61 கட்டை கீபோர்டில் பியானோ பாடம். சின்ன வயசில் வயலின் வாசித்தவள், அதனால் முதல் சண்டையே விரல் எண்ணோடுதான். வயலினில் ஆள்காட்டி விரல் ஒன்று. இங்கே கட்டை விரல் ஒன்று. நோட்டில் 2 என்று கண்டால் நடுவிரல்தான் முந்திக்கொண்டு போகிறது.

சரி, அது பழகிவிடும். உள்ளங்கைக்குள் எலுமிச்சம்பழம் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறார் டீச்சர். நினைக்கிறேன், ஐந்து நிமிஷத்தில் பழம் சாறாகிவிடுகிறது. மணிக்கட்டு தொங்கிப்போய், சுண்டுவிரல் விறைத்துக்கொண்டு மேலே நிற்கிறது. மறுநாள் சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை. கீபோர்டு இருப்பது சாப்பாட்டு மேஜை மேல், வீட்டில் வேறு இடம் கிடையாது. ஏதாவது விரல் பயிற்சி உண்டா?

செம்பூர்வாசி:
விரலை விடுங்கள் மாமி, டேப்பை எடுங்கள். தரையிலிருந்து வெள்ளைக் கட்டையின் மேல்பக்கம் வரை எத்தனை? நிஜ பியானோவில் சுமார் 73 செ.மீ. சாப்பாட்டு மேஜையே 75 இருக்கும், அதற்கு மேல் கீபோர்டு வேறு. முழங்கை கட்டைக்குக் கீழே இருந்தால் மணிக்கட்டு தொங்காமல் என்ன செய்யும்? முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வருகிற மாதிரி ஆசனத்தை உயர்த்துங்கள். கால் எட்டாவிட்டால் கீழே ஒரு மணை.

அப்புறம் கையைப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். விரல்கள் தானாக எவ்வளவு வளைந்திருக்கிறதோ அதே வளைவோடு தூக்கிக் கட்டையில் வையுங்கள். கட்டை விரல் முழுசாகப் படுக்கக் கூடாது, நகத்தோரம் மட்டும் பட்டால் போதும். இரண்டு வருஷம் அதைப் படுக்கப்போட்டே வாசித்தவன் சொல்கிறேன். வலி வந்தால் அன்றைக்கு மூடிவிடுங்கள்.

சுருதிப்பெட்டி:
வெள்ளைக் கட்டையில் ஐந்து விரலையும் வரிசையாக வைப்பது நோட்டு படிக்கத்தான் சுலபம், கைக்கு இல்லை. பியானோ மேதை ஷோப்பின் (1810–1849) மாணவர்களுக்குக் காட்டிய இடம் வேறு. நம்ம பாட்டுக்காரர்களின் சுருதிக் கணக்கில் (C என்பது 1 கட்டை, அரை என்றால் கறுப்பு) சொன்னால், வலது கட்டை விரல் 3 கட்டையில், அதாவது E. அடுத்த மூன்றும் 4½, 5½, 6½ (F#, G#, A#) என்று கறுப்பில். சுண்டுவிரல் 7 கட்டையில் (B). நீள விரல்களுக்கு உயரமான கறுப்பு, குட்டை விரல்களுக்கு வெள்ளை. வாசிக்க வேண்டாம், சும்மா வைத்துப் பாருங்கள்.

தானே லோக்கல்:
பக்கவாட்டில் நின்று யாரையாவது செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு எந்த இடத்தில் இறங்குகிறதென்று நமக்கே தெரியாது.

மாட்டுங்கா மாமி:
அளந்தேன். 84! தலையணை வழுக்கியது, போர்வையை எட்டாக மடித்துப் போட்டு உட்கார்ந்தேன், காலுக்குப் பூஜை மணை. (மாமியார் பார்க்கவில்லை.) இன்று இருபது நிமிஷம் வாசித்தும் வலி இல்லை. சுருதிப்பெட்டி சார் சொன்ன இடத்தில் வைத்ததும் சுண்டுவிரல் தானே இறங்கி உட்கார்ந்துகொண்டது. வெள்ளைக்கு வந்தால் மறுபடி எழுந்து நிற்கிறது. 2 என்றால் இன்னும் நடுவிரல்தான்.