புதுப்பிப்பு: சிப்பம் கட்டும் கூடத்துக் காய்கறிக் கழிவு

கடலூர் அருகே எங்கள் சிப்பம் கட்டும் கூடத்தில் தரம் பிரித்தபின் ஒதுக்கப்படும் முட்டைக்கோஸ் இலை, சொத்தைக் கத்தரி, வெடித்த தக்காளி ஆகியவற்றை மக்க வைத்ததில் நாற்றமும் கறுப்பு நீரும்தான் மிஞ்சின என்று முன்பு எழுதியிருந்தேன். கோளாறு கலவையில்தான் இருந்திருக்கிறது. காய்கறிக் கழிவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீராக இருப்பதோடு தழைச்சத்தும் (நைட்ரஜன்) மிகுந்திருப்பதால், கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற அளவுக்கு வரும்வரை உலர்பொருள் சேர்த்தாக வேண்டும். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புச் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த தோகை, அதற்குக் கைகொடுத்தது. சோகையை முதலில் முழு நீளத்தில் போட்டது என் தவறு. சாண் நீளத்துக்கு நறுக்கி அடுக்கிய நான்காம் நாள், குவியலுக்குள் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவியபோது கையில் பிடிக்க முடியாத சூடு; குவியல் மக்கத் தொடங்கிவிட்டதற்கு அதுவே அடையாளம். நாற்றம் அடங்கிவிட்டது, ஈக்கள்தாம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மாட்டுக்குப் போடலாமே என்று கேட்டிருந்தீர்கள். அழுகாத கோஸ் இலையை வைக்கோலோடு கலந்து அளவாகக் கொடுக்கிறோம், மிகுந்தால் வயிறு உப்பிவிடும். பச்சை நிறம் ஏறிய அல்லது முளைவிட்ட உருளைக்கிழங்கில் சோலனைன் என்ற நஞ்சு இருப்பதால், அதைத் தொழுவத்துப் பக்கமே விடுவதில்லை. ஐப்பசி மழைக்குள் குவியலின் மேல் கூரை போட வேண்டும். கீற்றா, தார்ப்பாயா என்பது இன்னும் முடிவாகவில்லை.