நினைவில் வைத்திருந்ததைப் பொய்யாக்கிய தொடர்

பள்ளி நாட்களில் வாசிக்கத் தொடங்கி, வேலைக்குச் சென்ற பிறகும் ஓர் இதழைக்கூடத் தவறவிடாமல் வாங்கி வந்த ஒரு காமிக்ஸ் தொடரை நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். வயதாகிவிட்டதால் படக்கதை அலுத்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மையல்ல, வேறு தொடர்களை இன்றும் அதே ஆவலோடுதான் வாசிக்கிறேன். ஓவியத்தின் மீதும் எனக்குக் குறையில்லை. சொல்லப்போனால், நான் விலகிய காலத்தில் அந்தத் தொடரின் ஓவியம் முன்னெப்போதையும்விடச் சிறப்பாக இருந்தது. என்னை விலக்கியது எழுத்து. தொடரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அதை இன்னும் நேசித்து வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதோடு, எனக்கு நேர்ந்தது உலகப் புகழ்பெற்ற வேறு தொடர்களின் வாசகர்களுக்கும் ஏறத்தாழ அதே வகையில் நேர்ந்திருக்கிறது என்பதால், பெயரைவிட நடந்த விதத்தைச் சொல்வதே பயன் தரும் என்று கருதுகிறேன்.

கடல்வழிக் கடத்தல்களைத் துப்பறியும் ஒரு நாயகனும், அவனைவிட வயதில் மூத்தவரான ஒரு வயர்லெஸ் ஆபரேட்டரும்தான் கதையின் மையம். தொடக்க ஆண்டுகளில் வந்த ஒரு சாகசத்தில் நாயகனின் இடது கையில் கத்தி பாய்ந்து இரண்டு விரல்கள் செயலிழந்துவிடும். அதன் பிறகு வந்த இதழ்களில் அவன் தீக்குச்சியை உரசும்போதும், படகின் கயிற்றை முடிச்சிடும்போதும், துப்பாக்கியில் தோட்டா நிரப்பும்போதும் அந்த இரண்டு விரல்களும் சற்றே விலகி நீட்டியபடி நிற்கும். கதாசிரியர் அதைப் பற்றி ஒரு வசனமும் எழுதவில்லை. கண்ணில் பட்டால் படட்டும் என்று ஓவியர் வரைந்துவிட்டுப் போய்விடுவார். பழைய இதழை வாசித்தவர்களுக்கு அந்த விரல்களைப் பார்த்ததும் அந்த இரவு நினைவுக்கு வரும். புதிதாக வந்தவர்களுக்கு அது தெரியாவிட்டாலும் கதை புரிவதில் எந்தத் தடையும் இருக்காது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பாத்திரம் ஒன்று முன்பு நடந்த ஒரு சம்பவத்தைக் குறிப்பிட்டால், வசனத்தில் ஒரு நட்சத்திரக் குறியும், கட்டத்தின் அடியில் ஒரு சிறு பெட்டியில் அது எந்த இதழில் நடந்தது என்ற குறிப்பும் இருக்கும். அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் பதிப்பாசிரியர்கள் பல பத்தாண்டுகள் கடைப்பிடித்த வழக்கம்தான் இது. அந்தப் பெட்டியைக் கண்டவுடன் பழைய இதழைத் தேடி எடுத்துப் புரட்டுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி இருந்தது. இந்தக் கதையில் நடந்தவை நடந்தவைதான், அவற்றை யாரோ ஒருவர் பொறுப்போடு கணக்கில் வைத்திருக்கிறார் என்ற நம்பிக்கையை அது தந்தது.

முதல் கதாசிரியர் ஓய்வுபெற்ற பிறகு பலர் மாறி மாறி எழுதினார்கள். சரிவு முதலில் வசனத்தில் தெரிந்தது. நாயகன் எரியும் படகிலிருந்து குதிக்கும் காட்சி ஒன்றை ஓவியர் அரைப் பக்கத்துக்கு வரைந்திருந்தார். சாய்ந்துவரும் பாய்மரம், அவனுடைய சட்டை விளிம்பைப் பற்றத் தொடங்கிய தீ, கீழே கருநீலமாக விரிந்த கடல் என எல்லாமே அந்த ஒரு கட்டத்தில் இருந்தன. அதன் மேலேயே மூன்று வசனக் குமிழ்கள். படகு எரிகிறது, இனி இதில் இருக்க முடியாது, கடலில் குதிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அந்தரத்தில் இருக்கும்போதே அவன் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாவது குமிழ் தீப்பிடித்த சட்டை விளிம்பைப் பாதி மறைத்திருந்தது. ஓவியரின் உழைப்பின் மீது கதாசிரியருக்கு நம்பிக்கையில்லை என்பதையும், வாசகரின் கண்ணின் மீதும் நம்பிக்கையில்லை என்பதையும் அந்த ஒரு கட்டமே காட்டிக்கொடுத்துவிட்டது. வில்லன்கள் தங்கள் திட்டத்தை முழுவதுமாக ஒப்பித்துவிட்டுச் சுடாமல் விடுவது, மூன்று இதழ்களாக வளர்ந்த மர்மம் கடைசிப் பக்கத்தில் ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடுவது போன்றவை இதைத் தொடர்ந்து வந்தன. அவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட தொடர்களை வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் அவை பழக்கமானவைதான்.

அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பழகிய பாத்திரங்களோடு இருப்பதே போதும் என்ற மனநிலையில் பல மோசமான கதைகளை வாசித்துக் கடந்திருக்கிறேன். பொறுக்க முடியாமல் போனது அந்த ஆபரேட்டரின் விஷயத்தில்தான். முதல் கதாசிரியர் தம் கடைசிக் காலத்தில் அவரைக் கொன்றிருந்தார். கப்பலின் வயர்லெஸ் அறைக்குள் நீர் ஏறிக்கொண்டிருக்க, கரையிலிருக்கும் காவல் படகுக்கு இருப்பிடத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியபடியே அவர் இறந்துபோகிறார். அடுத்த இதழில் நாயகன் அவருடைய மகளைச் சந்தித்துச் செய்தியைச் சொல்கிறான். ஆறு பக்கங்கள் நீளும் அந்தச் சந்திப்பில் அவள் அழுவதாக ஒரு கட்டம்கூட இல்லை. அப்பா கடைசியாக அனுப்பிய செய்தி என்ன என்று மட்டும் கேட்கிறாள். எண்களாக இருக்கும் அதை அவன் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொள்கிறாள். அதன் பிறகு வந்த சாகசங்களில் அவள் அவ்வப்போது தலைகாட்டுவாள். அவள் வரும் ஒவ்வொரு முறையும் நாயகனின் பேச்சில் ஒரு தயக்கம் இருக்கும். காமிக்ஸில் இவ்வளவு நுட்பமாக எழுத முடியும் என்பதை எனக்குக் காட்டியவை அந்தப் பக்கங்கள்.

சில ஆண்டுகள் கழித்து அந்த ஆபரேட்டரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மீன்பிடிப் படகு ஒன்று அவரைக் காப்பாற்றியதாகவும், நினைவு தவறி ஒரு தீவில் இருந்ததாகவும் ஒரே ஒரு வசனக் குமிழில் விளக்கம் முடிந்துவிட்டது. அடுத்த கட்டத்தில் நாயகன் அவருடைய தோளைத் தட்டிவிட்டுப் புதிய வழக்கைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான். மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் எழுதி வைத்திருந்த தாளைப் பற்றியும் இல்லை. அதே இதழில் நாயகன் கப்பலின் கயிற்றை இடது கையின் ஐந்து விரல்களாலும் இறுகப் பற்றி ஏறுவதாக வரைந்திருந்தார்கள். அடிக்குறிப்புப் பெட்டி எங்கேயும் இல்லை. பழையதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த இதழ் வலித்திருக்கும். எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்தால் அதை ஒரு குறையுமில்லாமல் வாசித்திருக்கலாம். வாசகர் மறந்திருப்பார் என்ற எதிர்பார்ப்பின் மீதே கதை எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெளிவானது.

இறந்த பாத்திரம் திரும்புவதே குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. கேப்டன் அமெரிக்காவின் இளம் துணைவன் பக்கி பார்ன்ஸ் இரண்டாம் உலகப் போரில் இறந்துவிட்டதாக 1964-இல் அமெரிக்கப் பதிப்பகமான மார்வெலின் கதையில் சொல்லப்பட்டது. காமிக்ஸில் உண்மையாகவே இறந்தவர்களுக்கு உதாரணமாகச் சொல்லப்படும் அளவுக்கு அந்த மரணம் பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது. 2005-இல் கதாசிரியர் எட் புரூபேக்கர் அவனைத் திருப்பிக் கொண்டுவந்தபோது பலரும் அஞ்சியிருப்பார்கள். ஆனால் அவன் திரும்பியது எந்த இழப்பையும் ஈடுசெய்யவில்லை. நினைவு அழிக்கப்பட்டு, கொலைகாரனாகப் பயன்படுத்தப்பட்டு, ஒரு கையை இழந்தவனாக வந்தான். இத்தனை காலம் நண்பனைத் தேடாமல் இருந்துவிட்டோமே என்ற வேதனை கேப்டன் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. பழைய கதையை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அது கூடுதல் கனத்தைக் கொடுத்தது. திருப்பிக் கொண்டுவருவதென்றால் அப்படிச் செய்ய வேண்டும்.

இதற்கு நேர்மாறானது ஸ்பைடர்மேனுக்கு நேர்ந்தது. பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் 1987-இல் திருமணம் நடந்தது. இருபது ஆண்டுகள் வாசகர்கள் அவர்களைக் கணவன் மனைவியாகவே பார்த்து வந்தார்கள். 2007-இல் வெளியான கதையில், குண்டு பாய்ந்து சாகக் கிடக்கும் மே அத்தையின் உயிருக்கு விலையாக அந்தத் திருமணத்தையே மெஃபிஸ்டோ என்ற தீய சக்தியிடம் விட்டுக்கொடுக்கிறார்கள்; அது நடந்தது என்பதே எல்லோருடைய நினைவிலிருந்தும் அழிந்துவிடுகிறது. அந்தக் கதையை எழுதியவரே முடிவின் சில பகுதிகளில் தமக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பாத்திரங்கள் மறந்துவிட்டார்கள், வாசகர்களால் எப்படி மறக்க முடியும்? திருமணமான நாயகனைவிடத் தனியாளான நாயகனுக்குக் கதை எழுதுவது எளிது என்று பதிப்பாளர்கள் நினைத்திருக்கலாம். அந்த எளிமைக்கான விலையை இருபது ஆண்டுகள் கூடவே வந்தவர்கள்தான் கொடுத்தார்கள்.

எழுத்தின் அருமை மிகத் தெளிவாகத் தெரியும் இன்னோர் இடம் ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சுக் காமிக்ஸ் தொடர். 1959-இல் தொடங்கிய அந்தத் தொடருக்கு ரெனே கோசினி எழுத, ஆல்பெர் உதெர்சோ வரைந்தார். 1977-இல் கோசினி இறந்த பிறகு உதெர்சோவே எழுதவும் வரையவும் செய்தார். கோடுகள் அதே உயிர்ப்போடு இருந்தன. ஆனால் பாத்திரங்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும் பேச்சில் இருந்த அடுக்கடுக்கான பொருள் மெல்ல மெல்ல மெலிந்தது. 2005-இல் வந்த ஆல்பத்தில் கதை நடக்கும் அந்தப் பண்டைய கிராமத்துக்கு வேற்றுக்கிரகவாசிகளே வந்து இறங்கிவிட்டார்கள். கைதேர்ந்த ஓவியராக இருந்தும், கதையைத் தாங்கிய கூட்டாளி இல்லாமல் போனது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அந்த ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. தாம் இறந்த பிறகு டின்டின் தொடரை யாரும் தொடரக்கூடாது என்று அதை உருவாக்கிய ஹெர்ஜே விரும்பியதன் நியாயம் இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு விளங்குகிறது. அவர் 1983-இல் மறைந்தார். புதிய டின்டின் ஆல்பம் வேறொருவர் கையால் வரவில்லை.

ஒரு நீண்ட தொடரில் எழுத்து ஏன் தளர்கிறது என்பதற்கு ஒரே காரணம் இல்லை. மாதந்தோறும் இதழ் வந்தாக வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்கிறவருக்கு முந்தைய இதழ்கள் அனைத்தையும் வாசிக்க நேரமிருக்காது. நாயகன் மாறிவிட்டால் விற்பனை குறையும் என்ற அச்சம் பதிப்பாளருக்கு இருக்கும். அதனால் பெரிய மாற்றம் வருவதுபோல் காட்ட வேண்டும், கடைசியில் எதுவும் மாறவும் கூடாது. ஸ்பைடர்மேனின் குளோன் (நகல் மனிதன்) கதை 1994-இல் தொடங்கி, விற்பனை நன்றாக இருந்ததால் நீட்டப்பட்டு 1996 வரை இழுத்தது இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. ஒவ்வோர் இதழும் யாரோ ஒருவருக்கு முதல் இதழாக இருக்கும், ஆகவே பழைய சுமையை ஏற்றக்கூடாது என்ற வாதமும் உண்டு. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் நாயகனின் செயலிழந்த விரல்கள் எந்தப் புதிய வாசகரையும் விரட்டவில்லையே!

வாசகரின் நினைவைப் பதிப்பாளர்களே போற்றிய காலமும் இருந்தது. 1960களில் மார்வெல் இதழ்களின் கடிதப் பகுதியில், கதையில் உள்ள முரணைக் கண்டுபிடித்து அது ஏன் முரணல்ல என்று தாங்களே விளக்கம் சொல்லும் வாசகர்களுக்கு 'நோ-பிரைஸ்' (பரிசில்லை) என்ற பெயரில் ஒரு வெற்று உறையை அனுப்பினார்கள். உள்ளே எதுவும் இருக்காது. ஆனாலும் அதைப் பெற வாசகர்கள் போட்டி போட்டார்கள். தாங்கள் கவனித்து வாசிக்கிறோம் என்பதை எழுதுகிறவர்கள் அறிந்திருக்கிறார்கள் என்பதே அவர்களுக்குப் பரிசாக இருந்தது.

என் நண்பர் ஒருவர் அந்தத் தொடரை இன்னும் வாங்குகிறார். அவர் ஓவியத்துக்காக வாங்குகிறார். வசனங்களைப் படிப்பதில்லை என்றே சொல்லிவிட்டார். என்னால் அப்படி முடியவில்லை. ஆபரேட்டர் திரும்பி வந்த பிறகும் சில காலம் வாங்கினேன். முதலில் வந்த அன்றே வாசித்தேன், பிறகு வார இறுதிக்கு ஒத்திவைத்தேன், பிறகு உறையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தேன். கோபம் வந்திருந்தால்கூட இன்னும் சில இதழ்கள் தொடர்ந்திருப்பேன் என்று தோன்றுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் அடங்கிவிட்டது. ஏனெனில் எது நடந்தாலும் அதை நடக்காததாக்கிவிடுவார்கள் என்பது தெரிந்துவிட்டது.

விலகும் முன் ஆசிரியர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். குறை சொல்லும் கடிதம் அல்ல. அப்பா உயிரோடு இருக்கிறார் என்ற செய்தியை அந்த மகளிடம் யாராவது சொன்னார்களா, சொன்ன காட்சி எந்த இதழிலாவது வரவிருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தேன். வரும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதற்காகவே காத்திருந்திருப்பேன். மாதங்கள் கடந்தும் பதில் வரவில்லை. ஆண்டுச் சந்தா முடிந்தபோது நான் அதைப் புதுப்பிக்கவில்லை.