பிடிலும் வயலினும் வேறயா? ஒரு தந்தியில் வில் போட்டால் ரெண்டு ஒலிக்குது

குடந்தைக்காரி:
வணக்கம். ஒன்பது வயசு மகளை வயலின் வகுப்பில் சேர்த்து ரெண்டு மாசம் ஆகுது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி அங்கே 'பிடில்'னு விற்ற பழைய வாத்தியம் ஒன்றை வாங்கி வந்தான். நடுத் தந்தியில் வில் போட்டால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து ஒலிக்குது. கடைக்காரர், "இது பிடில், நம்ம பாட்டுக்கு ஆகாது, வயலின் வாங்குங்க" என்கிறார். எங்க அப்பாவோ வயலினையே பிடில்னுதான் சொல்வார். புதுசு வாங்கணுமா?

திருவையாற்று மாணவன்:
அவசரப்படாதீங்க அக்கா. முதலில் டீச்சரையே அதில் வாசிக்கச் சொல்லுங்க. அவங்க கையில் சரியா வந்தா பாப்பா வில் பிடிக்கும் கோணம்தான் காரணம்.

பழைய வயலின்காரர்:
அப்பா சொல்வது சரிம்மா. ரெண்டும் ஒரே வாத்தியம். பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் வடிவேலுவும் 19-ஆம் நூற்றாண்டில் நம்ம சங்கீதத்தில் நிலைநிறுத்திய அதே மேல்நாட்டுக் கருவி. நம்ம பக்கத்துப் பெரியவங்க அதைப் பிடில்னே சொல்லிப் பழகினாங்க. அயர்லாந்திலும் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பக்கத்திலும் நாட்டுப்புறப் பாட்டு வாசிப்பவர்களும் அப்படித்தான் சொல்றாங்க. வாசிப்புதான் வேற.

அவங்களில் சிலர் ரெண்டு தந்தியைச் சேர்த்து வாசிக்க வசதியாகக் குதிரையின் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய மரத்துண்டு) மேல்விளிம்பைச் சீவித் தட்டையாக்கிக்கொள்வாங்க. உங்க சிக்கல் அங்கேதான் இருக்கும்னு நினைக்கிறேன். வாத்தியத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, குதிரையை நேரே பாருங்க. விளிம்பு நல்லா வளைந்திருக்கணும். தட்டையா இருந்தால் குதிரையை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் வீட்டில் கை வைக்காதீங்க. குதிரை ஒட்டியிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். நாலு தந்தியையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் உள்ளே நிற்கும் குச்சியும் சாய்ந்துவிடலாம். புதுக் குதிரையின் பாதம் மேல்பலகையில் இடைவெளி இல்லாமல் படிய இழைக்கணும். அது ரிப்பேர்காரர் வேலை.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியலை. மேல்நாட்டு வழக்கமான சுருதியில் ஒவ்வொரு தந்திக்கும் அடுத்த தந்தி அதன் பஞ்சமம், அதாவது ஒன்றை 'ஸ' என்று வைத்தால் அடுத்தது 'ப'. அந்த மலைப்பக்கத்துக்காரங்க சில பாட்டுக்கு நாலு தந்தியையும் ஏ-ஈ-ஏ-ஈ என்ற மேல்நாட்டு ஸ்வரங்களுக்கு மாற்றிச் சேர்ப்பாங்க. ஏ-வை ஸட்ஜமம் (ஸ) ஆக்கிப் பாருங்க, நம்ம வயலினுக்குச் சேர்க்கும் அதே ஸ-ப-ஸ-ப! நம்ம பாட்டுக்கு ஆகாதுன்னு எப்படிச் சொல்றது?

குடந்தைக்காரி:
ஐயா, டீச்சர் கையிலும் ரெண்டு தந்தி ஒலித்தது. குதிரை கிட்டத்தட்ட நேர்கோடுதான். தஞ்சாவூரில் கொடுத்து மாற்றியாச்சு. நேற்று மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை வாசித்தாள். ஒரு தந்தி, ஒரே ஒலி. ரொம்ப நன்றி.